ஒரு நீதிமன்றத்தின் ஒரு பதிவேட்டில்

கட்டுரையை எழுதியது யார் என்பது அதைப் படித்து மதிப்பிடுகிறவருக்குத் தெரியக்கூடாது. மதிப்பிட்டது யார் என்பது எழுதியவருக்குத் தெரியக்கூடாது. இந்த இரண்டு ரகசியங்களையும் மடியில் கட்டிக்கொண்டு, சட்டக் கல்லூரியின் மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன அறையில் இருபத்தேழு வருடமாக ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். மேலே மாணவர்கள் ஏறி இறங்கும்போதெல்லாம் அவர் மேசை மேல் சுண்ணாம்புத் தூள் உதிரும். அதை ஊதிவிட்டு வேலையைத் தொடர்வார்.

அவரை எல்லோரும் மைக்காரர் என்றார்கள். கட்டுரைகள் தாளில் வந்த காலத்தில் எழுதியவரின் பெயர் எங்கெங்கே தலைகாட்டுகிறதோ அங்கெல்லாம் கறுப்பு மையால் அடித்துவிட்டு நகல் எடுத்து அனுப்புவது அவர் வேலை. மாலையில் வீட்டுக்குப் போகும்போது வலது கையின் மூன்று விரல்கள் கரிக்கடைக்காரன் விரல்கள் மாதிரி இருக்கும். இப்போது எல்லாம் கணினியில்தான். மை போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இதழ் இஸ்லாமியச் சட்ட ஆய்விதழ். வருடத்துக்கு இரண்டு முறை வரும். படிப்பவர்கள் முந்நூறு பேர் இருப்பார்கள், அதில் பாதிப் பேர் அதில் எழுதியவர்கள். ஆனால் அந்த முந்நூறு பேர் நடுவில் அதற்கு இருந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. அதில் ஒரு கட்டுரை வந்தால் வேலை நிரந்தரமாகும், வராவிட்டால் ஆகாது. அப்படிப்பட்ட இதழை நடத்தியது இரண்டே பேர். வகுப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவே மூச்சு வாங்க உட்காரும் நேரத்தில் கையெழுத்துப் போடும் இதழாசிரியர் ஒருவர். மற்ற எல்லாவற்றையும் செய்யும் மைக்காரர் இன்னொருவர்.

மற்ற எல்லாம் என்றால் இதுதான். வந்த கட்டுரைக்கு எண் போடவேண்டும். பெயர், கல்லூரி, நன்றியுரை, 'நான் முன்பே எழுதியதுபோல' என்ற தற்பெருமை எல்லாவற்றையும் களையவேண்டும். இதழாசிரியர் குறித்துக் கொடுக்கும் இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பவேண்டும். பிறகு காத்திருக்கவேண்டும். ஆறு வாரம் என்பது விதி. விதியை யார் மதித்தார்கள்? ஆறாவது வாரம் பணிவாக ஒரு நினைவூட்டல், பத்தாவது வாரம் இன்னும் பணிவாக ஒன்று, அதற்கப்புறம் தொலைபேசி. கண் அறுவை சிகிச்சை, மகள் கல்யாணம், விடைத்தாள் திருத்தம், வீடு மாற்றம் என்று அவர் கேட்காத சாக்கு கிடையாது. சம்பளமில்லாத வேலைக்கு ஆளை விரட்ட எந்தத் தைரியத்தில் முடியும்? கெஞ்சத்தான் முடியும். கெஞ்சிக் கெஞ்சி அவர் குரலே அப்படி ஆகிவிட்டது. வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட நினைவூட்டல் கடிதம் மாதிரி இருக்கிறது என்பாள் மனைவி.

மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை. நேரம் வாங்கிவிட்டு வராமல் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்பது அவள் பொறுப்பு.

"நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தாங்க. வராதவங்களைக் கூப்பிடறது. என்ன, என் ஆளுங்களுக்குப் பல்லு வலிக்கும், அவங்களாவே வந்துடுவாங்க. உங்க ஆளுங்களுக்கு எதுவுமே வலிக்காது" என்று அவள் சிரிப்பாள்.

மைக்காரருக்குச் சிரிப்பு வருவது குறைந்துபோயிருந்தது. ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருந்தது.

அவருக்கு மறைப்பதில் ஒரு வெறி உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. எட்டு வருடம் முன்னால் ஒரு கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், எழுதியவர் தனக்குப் பாடம் சொன்ன உஸ்தாதுக்கு நன்றி சொல்லியிருந்த ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். அந்த உஸ்தாதோடு ஜென்மப் பகை கொண்ட ஒருவருக்கு அந்தக் கட்டுரை மதிப்பீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் மாணவனைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். அந்தப் பையன் ஆராய்ச்சியையே தலைமுழுகிவிட்டு இப்போது விமானச் சீட்டு விற்கிறான். மைக்காரர் ஒருமுறை அந்தக் கடைக்குள் தெரியாமல் நுழைந்து, முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் வாங்காமல் வெளியே வந்தார். அன்றிலிருந்து ஒரு கமாவில் ஆள் அடையாளம் தெரிந்தாலும் விடமாட்டார்.

போன வருடம் வந்தது அந்தக் கட்டுரை. காணாமல் போன கணவர்களின் மனைவிமார் பற்றியது. கணவன் எங்கே போனான், இருக்கிறானா செத்தானா என்று தெரியவில்லை. மனைவி எத்தனை காலம் காத்திருந்தால் அவளுக்கு விடுதலை? ஒரு மத்ஹபின், அதாவது ஒரு சட்டப் பிரிவின், பழைய நூல்களைக் கேட்டால், அவன் வயதுக்காரர்கள் எல்லோரும் செத்து முடியும்வரை என்பார்கள். இன்னொரு மத்ஹபைக் கேட்டால், காஜியிடம் போய் முறையிட்டபின் நான்கு வருடம் என்பார்கள். நூல்கள் சொல்வது இருக்கட்டும், நடந்தது என்ன என்று கேட்டிருந்தாள் கட்டுரையை எழுதியவள். ஒரு காஜி நீதிமன்றத்தின் பதிவேடுகளிலிருந்து நாற்பத்தொரு மனுக்களை எடுத்து, ஒவ்வொருத்தியும் உண்மையில் எத்தனை வருடம் படியேறினாள் என்று கணக்கிட்டிருந்தாள். அவள் ஒரு கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளர். அதற்கு முன் ஆறு வருடம் அதே நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவள். இந்த வருடம் ஆறாவது மாதக் கடைசிக்குள் ஏற்புக் கடிதம் காட்டினால்தான் கல்லூரி தன்னை வைத்துக்கொள்ளும் என்று அனுப்பும்போதே எழுதியிருந்தாள்.

மைக்காரர் வழக்கத்துக்கு மாறாக அதை முழுசாகப் படித்தார். காத்திருப்பவர்களைப் பற்றி எழுதினால் அவர் படிக்காமல் என்ன செய்வார்? படித்து முடித்ததும் அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த நீதிமன்றத்தின் பெயரையும் பதிவேட்டு எண்ணையும் பார்த்தால், அந்தப் பதிவேட்டு அலமாரியின் சாவி யாரிடம் இருந்தது என்று துறையில் பத்துப் பேராவது கண்டுபிடிப்பார்கள். ஒரு குமாஸ்தா சட்டம் பேசுகிறாளா என்று மூக்கை உறிஞ்சுவார்கள்.

முறைப்படி செய்யவேண்டியது என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பெயர் இருந்த இடத்தில் 'மறைக்கப்பட்டது' என்று போடவேண்டும். 'சான்றுகள் அலுவலகத்தில் உள்ளன, சரிபார்க்கப்பட்டன' என்று ஒரு சீட்டு இணைக்கவேண்டும். ஆனால் அறுபது இடத்தில் 'மறைக்கப்பட்டது' என்று இருந்தால் அதுவே கைகாட்டிவிடுமே என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியது. ஆகவே நீதிமன்றத்தின் பெயர் வரும் இடத்தில் 'ஒரு நீதிமன்றம்' என்றும், பதிவேட்டு எண்ணும் பக்கமும் வரும் இடத்தில் 'ஒரு பதிவேடு' என்றும் மாற்றிக்கொண்டே போனார். சீட்டும் வைக்கவில்லை, அவள் அனுப்பிய பதிவேட்டுப் பக்கங்களின் படங்களையும் சேர்க்கவில்லை. மாற்றிய தடம்கூடத் தெரியவில்லை. தன் வேலையைத் தானே பார்த்து மெச்சிக்கொண்டார் என்றும் சொல்லவேண்டும். மனிதருக்கு வேறு என்ன சந்தோஷம் இருந்தது?

கட்டுரை இரண்டு பேருக்குப் போனது. மைக்காரர் மனசுக்குள் ஒருவருக்குப் பஞ்சு என்று பெயர் வைத்திருந்தார், இன்னொருவருக்குக் கத்தரிக்கோல். பஞ்சு மூன்றே வாரத்தில் பதினோரு வரி எழுதி, அருமை, வெளியிடலாம் என்றார். பஞ்சு எதையும் அருமை என்பார். கத்தரிக்கோல் ஏழு மாதம் எடுத்துக்கொண்டார். ஆறு கடிதம், நாலு தொலைபேசி. கடைசியில் நாலு பக்கம் வந்தது. நிராகரிப்பு என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தது.

பஞ்சின் பதினோரு வரியையும் கத்தரிக்கோலின் நாலு பக்கத்தையும் இரண்டு கைகளில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுதான் கனமா இருக்கு" என்று இதழாசிரியர் நிராகரிப்புக்குக் கையெழுத்துப் போட்டார். அந்த வாரம் மைக்காரர் மேசையில் ஒன்பது கட்டுரைகள் நின்றன. அவர் நாலு பக்கத்தைப் படிக்கவில்லை. எப்போதும் அனுப்பும் கடிதத்தில் தலைப்பையும் தேதியையும் மாற்றி, அறிக்கையை இணைத்து, அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை அவளிடமிருந்து பதில் வந்திருந்தது. நாலே வரி.

'மதிப்பீட்டாளர் நான் ஆதாரம் தரவில்லை என்கிறார். அடிக்குறிப்பு 14 முதல் 54 வரை ஒவ்வொரு மனுவுக்கும் நீதிமன்றம், பதிவேட்டு எண், பக்கம் தந்திருக்கிறேன். பக்கங்களின் படங்களும் அனுப்பினேன். அவர் எந்தக் கட்டுரையைப் படித்தார் என்று தெரிந்துகொள்ளலாமா?'

மைக்காரர் அப்போதுதான் நாலு பக்கத்தைப் படித்தார். முதல் பக்கத்திலேயே இருந்தது. 'ஒரு நீதிமன்றத்தில், ஒரு பதிவேட்டில், ஒரு பெண் என்று நாற்பத்தொரு முறை எழுதியிருக்கிறார். இது ஆய்விதழா, ஒரே ஒரு ஊரிலே என்று தொடங்கும் குழந்தைக் கதையா? வாதம் நன்றாக இருக்கிறது. அதனாலேயே கோபம் வருகிறது. ஆதாரம் இல்லாத நல்ல வாதத்தைவிட ஆபத்தானது சட்டத்தில் வேறு இல்லை.'

அந்தக் குழந்தைக் கதையை எழுதியவர் மைக்காரரேதான்.

இப்படிப் புகார் எழுதும் கட்டுரையாளர்களுக்கு அனுப்ப ஒரு பதில் தயாராக இருந்தது. 'மதிப்பீட்டாளரின் முடிவை மறுபரிசீலனை செய்யும் வழக்கமில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' இருபத்தேழு வருடத்தில் நூறு தடவையாவது அனுப்பியிருப்பார். அன்றும் அதை எடுத்துத் திரையில் ஒட்டினார். ஒட்டிவிட்டு, அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அனுப்பினால் விஷயம் அதோடு முடிந்தது. யாரும் கேட்கப்போவதில்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் அவர் மட்டும்தான். மேலே வகுப்பு விட்டு மாணவர்கள் திடுதிடுவென்று இறங்கினார்கள். தூள் உதிர்ந்தது. அவர் ஊதவில்லை.

அன்று மாலை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி கேட்டாள். அவர் சொன்னார்.

"தப்புப் பல்லைப் புடுங்கிட்டீங்க" என்றாள் அவள்.

"ம்."

"எங்க டாக்டர் ஒரு தடவை புடுங்கினார். அந்தம்மா வாயில ரத்தத்தோட உக்காந்திருக்கு. இவர் என்ன பண்ணாரு தெரியுமா? கம்ப்யூட்டர்ல சீட்டை மாத்தினார். எந்தப் பல்லுன்னு எழுதியிருந்ததோ அதை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நல்லாத்தான் இருக்கார். நான்தான் அவர்கிட்ட பல்லு காட்டறதில்ல."

காலையில் மைக்காரர் மாடியேறி இதழாசிரியர் அறைக்குப் போனார். அவர் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே கண்ணை மூடியிருந்தார். மைக்காரர் எல்லாவற்றையும் சொன்னார், சீட்டு வைக்காததையும் சேர்த்து.

"பதினாலு மாசத்துல ரிட்டயர் ஆகப்போறீங்க. இதைப் போய் ஏன் கிளப்பறீங்க? யாருக்குத் தெரியும்?"

"அந்தம்மாவுக்குத் தெரியும் சார். அடிக்குறிப்பு போட்டது அவங்கதானே."

இதழாசிரியர் நெற்றியைத் தேய்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் ரொம்பக் களைத்துப்போயிருந்தார். "சரி, அதே ஆளுக்குத் திரும்ப அனுப்புங்க. இந்தத் தடவை முறையா. அந்தம்மாவுக்கும் என்ன நடந்ததுன்னு எழுதிடுங்க. மாசக் கடைசிக்குப் பதினெட்டு நாள் இருக்கா? அவர் ஏழு மாசம் எடுக்கறவர் ஆச்சே."

மைக்காரர் கீழே வந்து அவளுக்குக் கடிதம் எழுதினார். இருபத்தேழு வருடமாக எல்லாக் கடிதத்திலும் 'ஆசிரியர் குழுவுக்காக' என்றுதான் முடிப்பார், கீழே பெயர் இருக்காது. இதில் தவறு என்னுடையது என்று எழுதி, கீழே தன் பெயரை முழுசாக, அப்பா பெயரோடு, அடித்தார். அது திரையில் யாரோ புது ஆளின் பெயர் மாதிரி இருந்தது.

பிறகு கட்டுரையை முதலிலிருந்து பிரித்து, அறுபது இடத்திலும் 'மறைக்கப்பட்டது' என்று போட்டு, பதிவேட்டுப் பக்கங்களின் படங்களில் பெயர்களை மட்டும் கறுப்படித்து அச்செடுத்தார். அஞ்சலை நம்பவில்லை. இரண்டு பேருந்து மாறிக் கத்தரிக்கோலின் வீட்டுக்கே போனார்.

நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாலு பக்கத்தில் சீறிய மனிதர் லுங்கியும் பனியனுமாக, ஒரு கண்ணில் பச்சைத் துணி மறைப்போடு கதவைத் திறந்தார். மருமகள் இரண்டு நாற்காலிகளில் இருந்த புத்தகங்களை இறக்கி வைத்து உட்காரச் சொன்னாள். மேசையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. ஏழு மாதம் எங்கே போனது என்று மைக்காரருக்குப் புரிந்தது. மருமகள் ஒரு வரி வாசிப்பாள், அவர் அந்த நூலை எடுக்கச் சொல்லி அந்தப் பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு அடிக்குறிப்புக்கும் இப்படி.

மைக்காரர் நடந்ததைச் சொன்னார். கத்தரிக்கோல் கத்தவில்லை.

"அடையாளம் தெரியக்கூடாதுன்னுதான் இப்படிப் பண்ணீங்களா?"

"ஆமா சார்."

"கோர்ட்டுல வேலை பாத்தவங்கன்னு முதல் தடவையே தெரிஞ்சுது."

மைக்காரர் கையிலிருந்த அச்சுக் கட்டை மேசையில் வைத்தார்.

"மனு போட்டவ மூணாந்தடவை வரும்போது பேச்சு எப்படிச் சுருங்கிடுதுன்னு எழுதியிருக்காங்க பாருங்க. அது நூலகத்துல உக்காந்து தெரியிற விஷயம் இல்ல. மனுவைத் தன் கையால எழுதி வாங்கினவங்களுக்குத்தான் தெரியும். தெரிஞ்சா என்ன இப்ப? எனக்கு வேண்டியது பக்க எண்."

பேருந்தில் திரும்பி வரும்போது மைக்காரருக்கு அழுகை வரும்போல இருந்தது. பக்கத்து இருக்கையில் ஆள் இருந்ததால் அடக்கிக்கொண்டார். அவள் ஆறு வருடம் எழுத்தராக உழைத்ததையெல்லாம் கட்டுரையிலிருந்து சுரண்டி எடுத்துவிட்டு, அது யாருக்கும் தெரியவில்லை என்று மெச்சிக்கொண்டிருந்திருக்கிறார்.

நாட்கள் போயின. கத்தரிக்கோல் படித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்றையும் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார், அவசரப்படுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன் என்றும் சொன்னார். தேதி இருபத்தேழு ஆனபோது இருபத்திரண்டு முடிந்திருந்தது. மைக்காரர் இதழாசிரியரிடம் கேட்டு, அவள் கல்லூரிக்கு ஒரு கடிதம் வாங்கினார். எங்கள் அலுவலகத் தவறால் மதிப்பீடு தாமதமாகிறது, அருள்கூர்ந்து பத்து நாள் பொறுக்கவும் என்று. மறுநாளே பதில் வந்தது. விதிமுறைப்படி ஏற்புக் கடிதம் மட்டுமே கருத்தில் கொள்ளப்படும். அதுவும் எப்போதும் அனுப்பும் கடிதம்தான் என்று மைக்காரருக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. தலைப்பையும் தேதியையும் மட்டும் மாற்றியிருந்தார்கள்.

கத்தரிக்கோலின் அறிக்கை அடுத்த மாதம் மூன்றாம் தேதி வந்தது. ஆறு பக்கம். கடைசி வரி: 'நான் படித்தவற்றில் நேர்மையானது. ஒரு எழுத்தும் மாற்றாமல் வெளியிடவும்.'

அன்றே ஏற்புக் கடிதம் போனது. பதில் வரவில்லை.

ஏற்ற கட்டுரைக்குக் கடைசியாக ஒரு வேலை உண்டு. மறைத்ததையெல்லாம் திருப்பிப் போடவேண்டும். மைக்காரர் அறுபது இடத்தையும் தேடித் தேடி நிரப்பினார். நீதிமன்றத்தின் பெயர், பதிவேடு ஏழு, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு. தலைப்புக்குக் கீழே அவள் பெயரை அடித்தார். அதற்குக் கீழ் வரியில் கல்லூரியின் பெயரை அடிக்கப்போய் நிறுத்தினார். தொலைபேசியை எடுத்தார்.

"நீங்கதானே அந்தக் கடிதம் எழுதினவர்?" என்றாள் அவள்.

"ஆமாம்மா."

அவளுக்குப் பின்னால் யாரோ யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லும் சத்தம் கேட்டது.

"மூணு வருஷம் எழுதினேன் சார்."

"தெரியும்மா."

மன்னிப்புக் கேட்க அவர் வாயெடுத்தார். ஏற்கனவே கேட்டாகிவிட்டது, இரண்டாவது தடவை கேட்டால் அது நினைவூட்டல் மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டார். "பெயருக்குக் கீழே ஒரு வரி போடணும்மா. எந்த நிறுவனம்னு. கல்லூரிப் பேரு போடலாமா, இல்ல காலியா விட்டுடட்டுமா?"

"கல்லூரி வேண்டாம். அவங்க போன மாசமே அனுப்பிட்டாங்க." மறுபடியும் அந்த வரிசைச் சத்தம். "கோர்ட்டுப் பேரையே போட்டுடுங்க சார். எழுத்தர்னு. பழைய வேலைக்கே திரும்பி வந்துட்டேன். இப்பவும் ஒரு அம்மா மனுவோட நிக்கறாங்க, நான் அப்புறம் பேசறேன்."

மைக்காரர் தொலைபேசியை வைத்தார். எந்தப் பெயரை உலகத்தின் கண்ணில் படாமல் அறுபது இடத்தில் அழித்தாரோ, அந்தப் பெயரை அறுபத்தொன்றாவது இடத்தில், அவள் பெயருக்கு நேர் கீழே, ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். பிறகு அச்சகத்துக்கு அனுப்பினார்.